ஏர் படாத நிலம்

ஆறு கிடையாது. சுனை கிடையாது. மேடு என்று சொல்ல, என்றோ இறந்துபோன தலைவர்களைப் புதைத்துக் குவித்த மண்மேடுகளை விட்டால் எதுவும் கிடையாது. வருடத்துக்கு 400 மில்லிமீட்டர் மழை. அதுவும் சில வருடம் பொய்த்துப்போகும். கோடையில் கிழக்கேயிருந்து அடிக்கும் அனல்காற்று பச்சைப் புல்லைச் சில நாட்களில் வைக்கோலாக்கிவிடும். குளிர்காலத்தில், தடுக்க ஒரு மரம்கூட இல்லாத வெளியில் பனிப்புயல் தன் இஷ்டத்துக்குப் புரளும். இந்த இடத்தில் ஓர் ஊர் வைக்க வேண்டும் என்று 1828ல் ஒருவருக்குத் தோன்றியது. அவர் இருந்ததோ ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தள்ளி, ஜெர்மனியில்.

ஊரின் பெயர் அஸ்கானியா-நோவா. உக்ரைனின் தென்பகுதியில், கெர்சன் நகரத்துக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. வடக்கே தினிப்பர் ஆறு, தெற்கே சிவாஷ் என்ற உப்பங்கழி, அதைத் தாண்டினால் கிரிமியா. இரண்டு தண்ணீருக்கும் நடுவே தண்ணீரே இல்லாத ஸ்டெப்பிப் புல்வெளி. 2022ல் ரஷ்யா படையெடுப்பதற்கு முன் ஊரில் ஏறக்குறைய 3,000 பேர் இருந்தார்கள். நம் கணக்கில் பெரிய கிராமம், அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பாவில் கலப்பை படாத புல்வெளியைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், கைகாட்ட முதலில் வருவது இந்த ஊர்தான். அதன் மையத்தில் சுமார் 11,000 ஹெக்டேர் நிலம் ஏர் முனையையே கண்டதில்லை.

இந்த ஊரின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு நல்ல ஜமீன்தாரிடமிருந்து தொடங்குவார்கள். மிருகங்களை நேசித்தவர், புல்லைக் காப்பாற்றியவர் என்று. பொய்யில்லை. ஆனால் நான் ஆட்டிலிருந்துதான் தொடங்குவேன். ஆடு இல்லாவிட்டால் அந்த ஜமீன்தார் காப்பாற்றுவதற்குப் புல் எதுவும் மிஞ்சியிருக்காது.

அதற்கும் முன்னால் அந்த நிலம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். தட்டையான சமவெளி என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அங்கங்கே அகலமான, ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கின்றன. பித் என்று அவற்றுக்குப் பெயர். நடந்து போகிறவருக்குப் பள்ளத்தில் இறங்குவதே தெரியாது. அவ்வளவு மெல்லிய சரிவு. அஸ்கானியாவை ஒட்டியிருக்கும் பெரிய சாப்ளிப் பித் 2,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்தது. பனி அதிகம் பெய்த வருடத்தில், மண் உறைந்தே இருக்கும்போது பனி உருகினால், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் இந்தப் பள்ளத்துக்கு ஓடி வரும். அந்த வசந்தத்தில் புல்வெளியின் நடுவே திடீரென்று ஏரி. வாத்தும் நாரையும் கொக்கும் வந்து இறங்கும். கோடைக்குள் வற்றி மறுபடியும் புல்லாகிவிடும். அடுத்த தடவை எப்போது நிரம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புல்லில் ராஜா இறகுப் புல். கொவிலா என்பார்கள் அந்தப் பக்கத்தில். மே மாதக் கடைசியில் அது கதிர் விட்டால் வெளி முழுவதும் வெள்ளி நிறத்தில் அலை அடிக்கும். இந்தப் புல்லின் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு கெட்டிக்காரப் புல் என்று தெரியும். விதையின் அடி ஊசிபோல் கூர். மேலே நீண்ட வால். வாலின் கீழ்ப்பகுதி முறுக்கிக்கொண்டிருக்கும், மேல்பகுதி இறகு. காற்றில் பறந்துபோய்க் கூர்முனை கீழாகத் தரையில் குத்தி நிற்கும். பனி ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், வெயில் பட்டால் மறுபடி முறுக்கும். இந்த முறுக்கலும் அவிழ்தலுமாகவே விதை தன்னைத்தானே மண்ணுக்குள் திருகிக்கொண்டு இறங்கிவிடும். மண்ணுக்குப் பதில் செம்மறியின் கம்பளிக்குள் விழுந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். இறகில்லாத மொட்டை வால்கொண்ட இன்னொரு வகை இருக்கிறது, அது இன்னும் பொல்லாதது. ஆட்டுக்காரர்கள் இந்தப் புல்லைச் சபித்தார்கள். ஆட்டுக்காகப் பிறந்த ஊர், ஆட்டுக்கு ஆகாத புல்லுக்காகப் பேர் வாங்கியது என்பது இந்தக் கதையின் முதல் வேடிக்கை.

அங்கே நிலையாக யாரும் குடியிருக்கவில்லை என்பதால் யாருமே இருந்ததில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சித்தியர்கள் மண்மேடுகளை எழுப்பிவிட்டுப் போனார்கள். பிறகு வந்த போலோவ்ட்சியர்கள் அந்த மேடுகளின் மேல் கல் பாவைகளை நட்டார்கள். வயிற்றின்மேல் ஒரு கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்தபடி நிற்கும் உருவங்கள். 18ஆம் நூற்றாண்டில் நோகாய் மக்கள் குதிரையும் ஆடும் மேய்த்துக்கொண்டு இங்கே அலைந்தார்கள். கிரிமியாவின் உப்பு ஏரிகளிலிருந்து சுமாக்குகள் என்ற வண்டி வணிகர்கள் எருது பூட்டிய வண்டிகளில் உப்பு ஏற்றிக்கொண்டு இந்த வெளியைக் கடந்தார்கள். 1783ல் ரஷ்யப் பேரரசு கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நோகாய்கள் மெல்ல மெல்ல விரட்டப்பட்டும் விலகியும் போனார்கள். பேரரசிடம் இப்போது கொடுப்பதற்கு நிறைய 'வெற்று' நிலம் இருந்தது. அந்த வெறுமை எப்படி வந்தது என்பதை நிலப் பட்டாக்கள் எழுதுவதில்லை.

இப்போது ஜெர்மனிக்குப் போகலாம். ஆன்ஹால்ட்-கோத்தன் என்று ஒரு குட்டிச் சிற்றரசு. நூறு வருடத்துக்கு முன் பாஹ் என்ற இசைமேதைக்கு அரண்மனையில் வேலை கொடுத்ததுதான் அதன் பெரிய பெருமை. 1820களில் அங்கே பிரபுவாக இருந்தவர் ஃபெர்டினாண்ட் ஃபிரிட்ரிக். சுற்றிலும் பிரஷ்யா, அது போட்ட சுங்க வரி கழுத்தை நெரித்தது. அன்று ஐரோப்பாவில் மெரினோ கம்பளி என்றால் தங்கம். ஸ்பெயின் தேசம் காலங்காலமாக வெளியே விடாமல் பொத்திவைத்திருந்த அந்த ஆடு ஜெர்மனிக்குள் வந்து, சாக்சனிப் பக்கத்தில் இன்னும் மெல்லிய கம்பளி தரும் இனமாகத் தேறியிருந்தது. ஆடு இருக்கிறது, மேய்க்க நிலமில்லை. ரஷ்யாவிடம் நிலம் இருக்கிறது, நல்ல ஆடு இல்லை. பிரபு ஜார் முதலாம் நிக்கலஸுக்கு மனுப் போட்டார். 1828ல் ஜார் 48,000 தெசியத்தினா அளவுக்கு, அதாவது 50,000 ஹெக்டேருக்கும் மேல், நிலம் ஒதுக்கி வரிச் சலுகையும் கொடுத்தார். சிற்றரசே எவ்வளவு சிறியது என்று பார்த்தால் பிரபு ஏன் அவ்வளவு ஆசைப்பட்டார் என்று புரியும்.

அதே வருடம் முதல் கூட்டம் கிளம்பியது. ஏறத்தாழ 3,000 செம்மறிகள், சில குதிரைகள், மேய்ப்பர்களும் கைத்தொழிலாளிகளுமாக ஒரு சிறு கூட்டம். ரயில் இல்லாத காலம். ஆடு மேய்ந்துகொண்டே நடக்க வேண்டும், நடந்துகொண்டே மேய வேண்டும். ஐரோப்பாவின் பாதியை அந்த மந்தை கால்நடையாகக் கடந்தது. வந்து சேர்ந்த இடத்துக்குச் சாப்ளி என்று பெயர். நாரைகள் என்று பொருள், பக்கத்துப் பள்ளத்தில் இறங்கும் பறவைகளை வைத்து வந்தது. பிரபு குடும்பத்துக்கு அது போதவில்லை. தங்கள் பூர்வீகக் கோட்டையான அஸ்கானியாவின் பெயரை வைத்து, 'புதிய அஸ்கானியா' என்று லத்தீனில் நீட்டிவிட்டார்கள். மரமே இல்லாத வெளியில், மண்குடிசைகளுக்கு நடுவில், லத்தீன் பெயர்.

பெயர் பெரிதாக இருந்ததே தவிர வேலை நடக்கவில்லை. ஃபெர்டினாண்ட் 1830ல் இறந்தார். தம்பி ஹைன்ரிக் 1847ல் வாரிசில்லாமல் இறந்ததும் கோத்தன் கிளையே முடிந்து, சொத்து தெசாவ் பிரபுவிடம் போனது. தூரத்திலிருந்து நிர்வாகம் பார்ப்பது என்றால் என்ன என்று நம் ஊரில் எஸ்டேட் வைத்து நொடித்தவர்களைக் கேட்டால் தெரியும். வறட்சி, ஓநாய், தீவனத்தைப் பூட்டிவிடும் பனிக்கட்டி, ஆட்டு நோய், மேலாளர் எழுதும் கணக்கு எல்லாம் சேர்ந்து பண்ணையைத் தின்றன. கடைசியில் 1853லிருந்து 1856 வரை கிரிமியப் போர் இந்த வழியாகத்தான் போனது. போர் முடிந்த 1856ல் பிரபு குடும்பம் பண்ணையை விற்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

வாங்கியவர் ஃபிரிட்ரிக் ஃபைன். ஜெர்மன் குடியேறிகளின் வழிவந்தவர். அந்த மண்ணிலேயே ஆடு வளர்த்துப் பணக்காரர் ஆனவர். எந்தக் காற்றில் மழை வரும், எந்தப் பனியில் ஆடு சாகும் என்று தெரிந்த கை. அவருடைய மகளைக் கட்டியவர் ஃபால்ஸ் என்ற குடும்பத்துக்காரர். பெயர் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டையும் சேர்த்து ஃபால்ஸ்-ஃபைன் என்று வைத்துக்கொள்ள ஜாரிடம் அனுமதி வாங்கினார்கள். அடுத்த இரண்டு தலைமுறையில் அந்தப் பெயர் தென் ரஷ்யா முழுவதும் கம்பளிக்கு மறுபெயரானது. லட்சக்கணக்கில் ஆடு. அவற்றைக் காக்க, கண்ணையே மறைக்கும் வெள்ளைச் சடைமுடியோடு தென்ரஷ்ய ஆட்டுநாய்கள். மெரினோ மந்தைகளோடு மேற்கிலிருந்து வந்த சின்ன நாய்களும் உள்ளூர்ப் பெரிய நாய்களும் கலந்து பிறந்த இனம் என்று சொல்வார்கள். ஓநாயை எதிர்க்க உருவான அந்த நாய்க்கு இன்று உலகம் முழுவதும் கண்காட்சிகளில் தனிப் பிரிவே உண்டு.

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. 1861ல் பண்ணையடிமை முறை ஒழிந்தது. ரயில் வந்தது. ஒடெசா துறைமுகத்திலிருந்து கோதுமை கப்பல் கப்பலாகப் போனது. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியக் கம்பளி சந்தையில் குவிந்து விலையை உடைத்தது. ஆட்டைவிடக் கோதுமையில் காசு அதிகம் என்று ஆனதும் கருங்கடல் கரையோர ஸ்டெப்பி முழுவதும் கலப்பை இறங்கியது. ஆயிரக்கணக்கான வருடம் புல்வேர் பின்னிக் கட்டிய மண் ஒரே தலைமுறையில் புரட்டப்பட்டது. ஒருமுறை உழுத நிலத்தைச் சும்மா விட்டால் புல் திரும்ப வரும். ஆனால் பழைய புல்வெளி வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும், அப்போதும் முழுதாக வராது. சுற்றி எல்லோரும் உழுதுகொண்டிருந்தபோது ஃபால்ஸ்-ஃபைன்கள் மட்டும் பெரும்பகுதியை மேய்ச்சலுக்கே வைத்திருந்தார்கள். தத்துவம் ஒன்றுமில்லை. தண்ணீர் இல்லாத அந்த நடுவெளியில் ஆடுதான் கட்டுப்படியானது.

1879ல் அந்தப் பக்கம் ஒரு குதிரை செத்தது. தார்ப்பன் என்ற ஐரோப்பியக் காட்டுக்குதிரை. ஒரு காலத்தில் இந்தப் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக ஓடியது. பண்ணைப் பெண்குதிரைகளைக் கவர்ந்துகொண்டு போகிறது, வைக்கோலைத் தின்கிறது என்று வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். வெளியில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு பெண்குதிரையை அஸ்கானியாவுக்கு அருகே பனிக்காலத்தில் துரத்தினார்கள். பனிக்கட்டிப் பிளவில் கால் உடைந்து அது முடிந்தது. அப்போது ஃபிரிட்ரிக் ஃபால்ஸ்-ஃபைனுக்கு வயது பதினாறு.

இந்தப் பையன்தான் எல்லோரும் சொல்லும் அந்த ஜமீன்தார். 1863ல் பிறந்தவர். பரீட்சையில் தேறியதற்குப் பரிசாக அப்பா ஒரு பறவைக் கூண்டு கட்டிக் கொடுத்தார், அது 1874ல், அங்கிருந்துதான் மிருகக்காட்சிசாலை தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். தோர்பாட் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துவிட்டுத் திரும்பியவர் கையில் ஒரு ராஜ்ஜியம் அளவுக்கு நிலம். முதல் வேலையாகத் தண்ணீரைத் தேடினார்.

ஸ்டெப்பிக் கிணறு என்பது சாதாரண விஷயமில்லை. தண்ணீர் பல பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும். நம்மூர்க் கவலை இறைப்பைப்போல, கயிற்றில் கட்டிய பெரிய வாளியைக் கால்நடையை நடக்கவிட்டு மேலே இழுக்க வேண்டும். ஆயிரம் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்குள் பகல் போய்விடும். ஃபால்ஸ்-ஃபைன் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இயந்திரம் வைத்து இறைத்து, 1890களில் ஊர் நடுவே கோட்டைக் கோபுரம் மாதிரி ஒரு செங்கல் தண்ணீர்த்தொட்டி எழுப்பினார். இன்றும் ஊரின் அடையாளம் அதுதான். அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, 1887ல் தொடங்கிய மரத்தோட்டத்துக்குப் பாய்ச்சினார். ஓக், சைப்ரஸ் வகைகள், குளம், குளத்துக்கு நடுவே தீவு. மைல்கணக்கில் புல்லைத் தவிர எதுவும் இல்லாத வெளியில் 28 ஹெக்டேர் காடு. வலசை போகும் பறவைகள் ஆகாயத்திலிருந்து இந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்துக் கூட்டமாக இறங்க ஆரம்பித்தன. ஒவ்வொரு மரமும் பாய்ச்சினால் உண்டு, நிறுத்தினால் இல்லை. அழகுதான், ஆனால் என்னைக் கேட்டால் அவர் செய்ததில் இரண்டாம் தரமானது இந்தத் தோட்டம்.

முதல் தரமானது, அவர் ஒன்றும் செய்யாமல் விட்டது. 1880களிலிருந்தே சில துண்டு நிலங்களை உழவுக்கும் மேய்ச்சலுக்கும் விலக்கி வைத்துப் பார்த்தார். 1898ல் 1,000 தெசியத்தினா அளவுக்கு ஒரு பகுதியை நிரந்தரமாக ஒதுக்கி, இனி இங்கே ஏரும் வராது, ஆடும் வராது, அரிவாளும் வராது என்று விதித்தார். பூங்கா கட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத புல்தரையைச் சும்மா விட்டுவைக்க ஒருவர் சொந்தக் காசைச் செலவழித்தது அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டிருக்கும். யோசெப் பச்சோஸ்கி போன்ற தாவரவியலாளர்கள் வந்து அந்தத் துண்டில் வருடக்கணக்கில் புல்லைக் கணக்கெடுத்தார்கள்.

மிருகங்களும் வந்தன. வரிக்குதிரை, தீக்கோழி, காட்டெருமை, ஆப்பிரிக்காவின் ஈலாண்ட் மான், நம் வட இந்திய நீலகாய். பெரும்பாலானவற்றைக் கூண்டில் போடாமல் வேலிக்குள் புல்வெளியிலேயே திறந்துவிட்டார். பசுவைப்போல் ஈலாண்டைப் பழக்கிக் கறக்கும் வேலை பிற்காலம்வரை இங்கே நடந்தது. பசும்பாலைவிடக் கொழுப்பு மிகுந்த பால். 1910லிருந்து இலியா இவானோவ் என்ற உயிரியலாளர் இங்கே செயற்கைக் கருவூட்டல் ஆராய்ச்சி செய்தார். வரிக்குதிரையையும் குதிரையையும் கலந்து குட்டி எடுத்தார்.

ஆனால் குதிரைக் கதையைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தார்ப்பன் செத்த அதே காலத்தில்தான் நடு ஆசியாவில் இன்னொரு காட்டுக்குதிரை இருக்கிறது என்று பயணி பிரஷெவால்ஸ்கி மூலம் வெளி உலகுக்குத் தெரியவந்தது. மங்கோலியர்கள் அதைத் தாகி என்பார்கள். ஃபால்ஸ்-ஃபைன் எப்படியாவது அதை உயிரோடு கொண்டுவர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். பெரிய குதிரையைப் பிடிக்க முடியாது. குட்டியைத்தான் துரத்திப் பிடிக்க வேண்டும். முதலில் பிடித்த குட்டிகளுக்கு ஆட்டுப்பால் கொடுத்தார்கள், செத்துப்போயின. பிறகு யோசித்து, காட்டுக்குதிரை குட்டி போடும் பருவத்திலேயே குட்டி போடும்படி வீட்டுக்குதிரைகளைத் தயார் செய்தார்கள். வீட்டுக்குதிரையின் குட்டியை நீக்கி, காட்டுக் குட்டியை அதன் மடியில் விட்டார்கள். இது பலித்தது. 1899ல் சில பெண்குட்டிகள் அஸ்கானியா வந்து சேர்ந்தன. பிறகு ஜாருக்குப் பரிசாக வந்த ஓர் ஆண்குதிரையும் இங்கே வந்தது. தாகி அடைப்பிடத்தில் குட்டி போட்டுப் பெருகியது. ஒரு காட்டுக்குதிரை இனம் அழிந்த அதே புல்வெளியில் இன்னொன்று தலையெடுத்தது.

1914 வசந்தத்தில் ஜார் இரண்டாம் நிக்கலஸே வந்து பார்த்தார். குடும்பத்துக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது.

இந்த இடத்தில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆடு கத்தரிக்கவும் அறுவடைக்கும் ஆள் எங்கிருந்து வந்தார்கள்? தினிப்பர் கரையில் உள்ள ககோவ்காவில் வருடத்துக்கு இரண்டு சந்தை கூடும். மாடு குதிரையோடு ஆள்பிடி சந்தையும் அங்கேதான். வட உக்ரைனிலிருந்து பஞ்சம் பிழைக்க நடந்துவந்த ஏழை விவசாயிகள், அதிலும் இளம்பெண்கள், பருவக்கூலிக்கு அங்கே நிற்பார்கள். அங்கிருந்து பண்ணைகளுக்கு அழைத்துப் போவார்கள். ஓலெஸ் ஹொன்சாரின் 'தவ்ரியா' நாவல் அந்தக் கூலிப்பெண்களின் கண்ணால் அஸ்கானியாவைப் பார்ப்பது. சோவியத் காலத்து நாவல், சார்பு இருக்கிறது. இருந்தாலும் தீக்கோழிக்கும் சைப்ரஸுக்கும் ஓடிய தண்ணீரை யார் இறைத்தார்கள் என்று கேட்பதில் தவறு என்ன?

1917 வந்தது. மத்திய ஆசியாவைச் சுற்றிய புகழ்பெற்ற பயணி பியோத்தர் கோஸ்லோவ், பிரஷெவால்ஸ்கியின் சீடர், அஸ்கானியாவைக் காக்கும் பொறுப்போடு அனுப்பப்பட்டார். ஊர் அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையோ கைகள் மாறியது. ஃபிரிட்ரிக் ஜெர்மனிக்குத் தப்பி, 1920ல் அங்கேயே இறந்தார். அவருடைய தாய் சோஃபியா போக மறுத்தார். ஹோர்லி என்ற துறைமுகத்தையே தன் காசில் எழுப்பிய அம்மாள். 1919ல் எண்பது வயதைக் கடந்த நிலையில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் ஏப்ரலில் சோவியத் உக்ரைன் அரசு அஸ்கானியாவை மக்கள் காப்பகமாக அறிவித்தது. 1921ல் அரசு ஸ்டெப்பிக் காப்பகம். ஜமீன்தாரைத் துரத்தியவர்கள் அவருடைய வேலியைப் பிடுங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிடுங்கும் ஆசை பத்து வருடம் கழித்துத்தான் வந்தது. 1920களின் கடைசியில் விளாதிமிர் ஸ்தான்சின்ஸ்கி என்ற விலங்கியலாளர் இங்கே வந்து ஒரு விநோதமான காரியம் செய்தார். அளந்து கட்டிய துண்டுகளில் புல்லை அறுத்து எடைபோட்டார், அதில் உள்ள பூச்சிகளை எண்ணினார், பூச்சியைத் தின்னும் உயிர்களை எண்ணினார். சூரியனிடமிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து மேலேயும் எவ்வளவு சக்தி போகிறது, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட முயன்றார். பின்னால் உலகம் சூழலியலின் அடிப்படையாக எடுத்துக்கொண்ட எண்ணம் இது. ஆனால் அன்றைய முழக்கம் இயற்கையை மாற்றுவது, அதை உட்கார்ந்து எண்ணுவது இல்லை. சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் கூட்டாளி இசாக் பிரெசென்ட் முதலானவர்கள் பாய்ந்தார்கள். 1932ல் காப்பகம் விலங்குக் கலப்பின ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றப்பட்டது. ஸ்தான்சின்ஸ்கி கைதானார், 1942ல் சிறையில் இறந்தார். காப்பக நிலத்திலும் ஒரு பகுதி உழுதுபோடப்பட்டது. நல்ல ஜமீன்தார் கதையைவிட இந்த மனிதரின் கதை எனக்கு முக்கியம். புல்லைக் காப்பாற்றியவருக்குச் சிலை உண்டு. புல் எப்படி வாழ்கிறது என்று கண்டுபிடித்தவரை அஸ்கானியாவோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு.

அதே காலத்தில் மிஹயில் இவானோவ் என்ற இன்னொரு இவானோவ் நிம்மதியாக ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர் மெரினோவோடு அமெரிக்க ராம்புவியே ஆட்டைக் கலந்து அஸ்கானிய மெல்லிழைச் செம்மறியையும், தனியே உக்ரைனிய வெள்ளைப் பன்றியையும் உருவாக்கினார். ஆட்டால் பிறந்த ஊர் மறுபடியும் ஆட்டால் பேர் வாங்கியது. ஊரில் உள்ள கால்நடை நிறுவனம் அவர் பெயரில்தான் இயங்கிவந்தது. ஊர்க்காரர்களில் பலர் அங்கேயும் காப்பகத்திலும் வேலை பார்த்தவர்கள் என்பதால், புல்லைக் காக்கிறவர் வீட்டுக்கும் ஆட்டைப் பெருக்குகிறவர் வீட்டுக்கும் சம்பந்தம் நடப்பது சகஜமாக இருந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இரண்டு வருடம் பிடித்துவைத்திருந்தார்கள். தாகி மந்தை அழிந்தது. ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் மிருகக்காட்சிசாலைகளில் இருந்த சிலதான் மிச்சம். 1947ல் மங்கோலியாவில் ஒரு பெண்குட்டி பிடிபட்டது. அதை சோவியத் தலைவர் வரோஷிலோவுக்குப் பரிசளித்தார்கள். 1957ல் அஸ்கானியா வந்தது. ஒர்லித்சா என்று பெயர். காட்டில் பிறந்து அடைப்பிடத்தில் குட்டி போட்ட கடைசிக் குதிரை அதுதான். மங்கோலியக் காட்டில் இனமே 1960களின் கடைசியில் மறைந்துவிட்டது. இன்று உலகில் ஓடும் தாகிகளின் மூதாதைகள் ஒரு டஜன் அளவுதான். ஒர்லித்சா அதில் ஒன்று. 1992ல் மங்கோலியாவுக்குத் தாகிகளைத் திரும்ப அனுப்பத் தொடங்கியபோது அஸ்கானியாவிலிருந்தும் குதிரைகள் போயின. 1998ல் இன்னொரு கூட்டம், மனிதர்கள் வெளியேறிய செர்னோபில் வட்டாரத்துக்குப் போனது.

1985ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் அஸ்கானியா சேர்ந்தது. சுற்று மண்டலங்களோடு மொத்தம் 33,000 ஹெக்டேருக்கு மேல். அதற்குள் சுற்றுப்புறம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. ககோவ்கா நீர்த்தேக்கத்திலிருந்து வெட்டிய பெரிய கால்வாய் வந்து தர்பூசணியும் சோயாவும் தக்காளியும் விளையும் பாசன நிலமாகிவிட்டது. நடுவே வறண்ட புல் தீவாகக் காப்பகம். அதன் உள்ளேயும் ஒரு பழைய வழக்கு தீரவில்லை. மேய்ச்சலே கூடாது என்று முற்றாக அடைத்த பகுதியில் வருடாவருடம் காய்ந்த புல் மட்கித் தீராமல் மெத்தைபோல் சேர்கிறது. அடியில் புதுமுளை மூச்சுத் திணறுகிறது. இடி விழுந்தாலோ யாராவது தீக்குச்சி போட்டாலோ ஒரே தீயாகப் போகிறது. குளம்பு படாத ஸ்டெப்பி உண்மையான ஸ்டெப்பியா? ஆதியில் தார்ப்பனும் மற்ற மந்தைகளும் மிதித்து, மேய்ந்து, சாணம் போட்டு வளர்ந்த புல் அது. காட்டு மந்தை போனபின் ஆடு வந்தது. ஆட்டை விரட்டியபின் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. பெரிய சாப்ளிப் பித்தை வேலிபோட்டு அதில் தாகியையும் வரிக்குதிரையையும் காட்டெருமையையும் விட்டிருந்தது பார்வையாளர்களுக்காக மட்டுமல்ல.

2022 பிப்ரவரி கடைசியில், படையெடுப்பின் முதல் நாட்களிலேயே ஊர் ரஷ்யப் படைகள் வசம் போனது. காப்பக ஊழியர்கள் ஒரு வருடம்போல் நன்கொடைப் பணத்தில் தீவனம் வாங்கிப் போட்டு மந்தைகளைக் காத்தார்கள். 2023 மார்ச்சில் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தன் ஆளை இயக்குநராகப் போட்டது. அதன்பின் வரிக்குதிரை, காட்டெருமை, தாகி உட்படப் பல விலங்குகளைக் கிரிமியாவுக்கும் ரஷ்யாவுக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது உக்ரைன் தரப்பின் குற்றச்சாட்டு. அதே வருடம் ஜூன் 6ஆம் தேதி ககோவ்கா அணை உடைந்தது. பாசனக் கால்வாய் வறண்டது. சுற்றுவட்டாரத் தக்காளி வயல்களுக்கு அதோடு தண்ணீர் நின்றது. தோட்டத்து மரங்கள் இன்னும் ஆழ்கிணற்று மோட்டாரை நம்பியே நிற்கின்றன. கீவில் இருக்கும் அறிவியலாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் தீப்பிடித்த பரப்பை அளக்கிறார்கள். மந்தையை எண்ண அவர்களால் உள்ளே போக முடியாது. செர்னோபிலில் இருப்பவற்றை எண்ண முடிந்திருக்கிறது: 1998ல் அஸ்கானியாவிலிருந்து அனுப்பிய தாகிகளின் வாரிசுகள் அங்கே நூறைத் தாண்டிவிட்டன.